படிங்க, மூடுங்க, சொல்லுங்க

பேருந்து ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, முறுக்கு சுற்றியிருந்த ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரிக்கச் சொன்னார் கார்குழலி. 2006 ஜூன் 12, திங்கட்கிழமை. சென்னை வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. உள்ளே பலராமன், தெருக்காரர்கள் போட்ட மாலையோடு. மறுநாள் கத்தாருக்கு விமானம்.

“படிங்க.”

“டீச்சர், வண்டிய எடுத்துடுவான்.”

“எடுக்கட்டும். படிங்க, மூடுங்க, சொல்லுங்க.”

பலராமன் படித்தார், மடித்தார். “எங்கயோ பாலம் கட்றாங்க. லேட்டாவுது. காண்ட்ராக்டர் மழை மேல பழி போடறான்.”

கார்குழலி தலையாட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

முதலியார்பேட்டையில் தன் வீட்டுக் கூடத்தில் அவர் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பும் இவ்வளவுதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், வங்கிப் படிவம், கல்லூரிக் கட்டுரை, எதுவானாலும் ஒரு பத்தி படிக்க வேண்டும். தாளைக் கவிழ்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

“தமிழ் பேசறதுக்கா வீராம்பட்டினத்துலேந்து பஸ் ஏறி வரேன்?” என்று சீண்டுவார் நர்ஸ் தையல்நாயகி.

“எந்த எடத்துல தமிழ் வரலயோ, அந்த எடம் உனக்குப் புரியலம்மா.”

அகராதி ஒன்று உண்டு. நல்ல தடிமன். கார்குழலி குள்ளம் என்பதால் அதை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், “அடுத்த வரியப் படி, அதுவே சொல்லும்” என்பார். மூன்று முறை படித்தும் விளங்காவிட்டால்தான் எழுந்து கொடுப்பார்.

பஞ்சாலை வேலை போனபின் வகுப்புக்கு வந்தவர் பலராமன். கத்தாரில் ஸ்டோர் கீப்பர் வேலை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். வகுப்புக்கு வந்த எட்டு மாதமும் எதைக் கேட்டாலும் “புரியுதுங்க டீச்சர்” என்பார். பாதி நாள் புரிந்திருக்காது. ஆங்கிலத்தில் இருக்கும் வேலை ஒப்பந்தத்தை ஏஜென்ட் ஆட்கள் விமானம் கிளம்பும் நேரத்தில்தான் கண்ணில் காட்டுவார்கள்.

“கடைசிப் பக்கத்தத் திருப்பி கையெழுத்து கேப்பாங்க. அங்கயும் ‘புரியுது’ன்னு தலையாட்டிட்டாருன்னா?” என்றார் கார்குழலி அன்று மாலை என்னிடம். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த மாதம்தான் அவர் வீட்டு மாடியில் குடியேறியிருந்தேன். புரியாத தாள்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஏழு மாதம் தகவல் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் பலராமன் மனைவி செல்வாம்பாள் “நல்லா இருக்காருங்க” என்பார்; மேலே பேசமாட்டார். அந்த ஒரு வரியை எத்தனை முறை யோசித்தும் கார்குழலிக்குப் பிடிபடவில்லை.

ஜனவரியில் ஒரு மாலை, வகுப்பு நடுவே கைப்பேசி ஒலித்தது. பலராமன். ஆங்கிலத்தில், பிழைகளோடு, நீளமான குறுஞ்செய்தி. கார்குழலி படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, தையல்நாயகி பக்கம் திரும்பினார்.

“பலராமன் மெட்ராஸ்லதான் இருக்காரு. ஒப்பந்தத்தோட ஆறாம் பக்கத்துல ஸ்டோர் கீப்பர்னு இல்லியாம், கட்டடத்துல சுமை தூக்கற வேலைன்னு இருந்துச்சாம். மூடி வெச்சிட்டு, பக்கத்துல இருந்த ரெண்டு பேருக்குத் தமிழ்ல சொன்னாராம். மூணு பேருமே கையெழுத்துப் போடாம எழுந்து வந்துட்டாங்களாம். மாலை போட்டு அனுப்புன தெருவுக்குத் திரும்பி வர வெக்கமா இருந்துச்சாம். யாருகிட்டயும் சொல்லாதன்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் வாங்கிட்டாராம். இந்த வாரம் அங்கயே ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பரா சேந்துட்டாராம்.”

 கார்குழலி கைப்பேசியை எடுத்துத் தையல்நாயகியிடம் நீட்டினார்.

“நான் சரியா சொன்னனான்னு படிச்சுப் பாரு.”