எட்டில் காணாமல் போன மீதி

எட்டு வாங்கிப் போட்டோம். திரையில் மூன்றே கால்தான் இருந்தது. அந்த மூன்றே காலை எட்டாக்கியது யார் என்று இன்று யாராவது கேட்டால், எங்கள் அம்மா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைக்கூட அவள் அதுவரை தொட்டதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. றக்வானைக்கு மேலே, பஸ் திணறித் திணறி ஏறும் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எங்கள் வீடு. கொழும்பில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஆபீஸில் ஒதுக்கிவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கூடவே புதிதாக வந்த ஒரு கார் ரேஸ் விளையாட்டும். நானோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பாருங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். விளையாட்டைத் தட்டினால், மெமரி போதாது என்று அறிவிப்பு வந்து நின்றது.

மாமா டவுன் கடையில் நாலு நாலு ஜிபியாக இரண்டு ரேம், அதாவது மெமரி அட்டை, வாங்கிப் பூட்டினார். மறுபடி அதே அறிவிப்பு. உள்ளே தேடிப் பார்த்தால், போட்டது எட்டு ஜிபி, பாவிக்கக்கூடியது மூன்றே கால் என்று எழுதியிருந்தது. மாமா தலையைச் சொறிந்தார்.

"பழைய சிஸ்டம், அப்படித்தான் போல. ஞாயித்துக்கெழமையும் ஓடலேன்னா நான் போறப்ப இதையும் கொண்டுபோயிடுறேன். கூட்டாளி ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கம்ப்யூட்டரும் போய் மானமும் போனால், லயத்துப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா, நான் திரையை வாசித்துக் காட்டியதும் மாமாவிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"மீதி எங்கடா தம்பி?"

"அதுக்கு ஒரு கணக்கு இருக்கும்க்கா. விடுங்க."

"என்னா கணக்கு? எட்டுல பாதிக்கு மேல முழுங்கிட்டு அதுக்கொரு கணக்கா?"

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். அம்மா தினமும் கேட்பாள். தினமும் பதில் வராது. அந்தக் கழிவுதான் இங்கேயும் விழுந்திருக்கிறது, கடைக்காரன் கைவரிசையைக் காட்டிவிட்டான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், யார் கேட்டது? மறுநாள் சனிக்கிழமை, பகல் நிறுவை முடிந்த கையோடு வந்து, நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்து, மழை படாமல் கம்ப்யூட்டரைச் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடையில் நல்ல கூட்டம். மேசைக்குப் பின்னால் சிங்கள இளைஞன் ஒருவன் இருந்தான். அம்மா கம்ப்யூட்டரை அவன் முன்னால் வைத்து, சிங்களத்திலேயே பிடித்துக்கொண்டாள். "கோ மல்லி, அபே இதுரு டிக?" எங்கள் மீதி எங்கே தம்பி என்று. அதோடு விட்டாளா? ரேமுக்கும் ஈரம் கழிக்கிறீர்களா என்று கேட்டாள். கடையே சிரித்தது. ஐயோ, நான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்து, யாரோ எவரோ மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. ரேம் இரண்டையும் கழற்றிக் காட்டினான். எட்டும் உள்ளேதான் இருக்கிறது, பழைய முப்பத்திரண்டு பிட் சிஸ்டத்துக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது, அந்த நாலிலும் கொஞ்சம் மற்றப் பாகங்களுக்குப் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினான்.

"எண்ணத் தெரியாதவன் கையில எதுக்குக் குடுத்தீங்க? தெரிஞ்சவன வைங்க" என்றாள் அம்மா, அதே சிங்களத்தில்.

அவன் ரேம் இரண்டையும் மறுபடி பூட்டினான். "நீங்க சொல்றது சரி அக்கே. விக்கிறப்பவே நான் விசாரிச்சிருக்கணும். சமாவென்ன" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கேயே பழைய சிஸ்டத்தை அழித்து, அறுபத்து நான்கு பிட்டை ஏற்றினான். இரண்டு மணித்தியாலம் போனது. அம்மா ஸ்டூலை விட்டு அசையவில்லை. கடைசியில் அவனே திரையை அவள் பக்கம் திருப்பினான். எட்டு. முழு எட்டு! சிரித்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் சட்டென்று வந்து, இது என் அம்மாதான் என்று தெரியும்படி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. மாமா விளையாட்டை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். கார் சீறிக்கொண்டு கிளம்பியதும் பிள்ளைகள் போட்ட சத்தம் மேல் லயம் வரைக்கும் கேட்டதாம். மாமா வெறுங்கையோடு கொழும்பு பஸ் ஏறினார். அன்றைக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. எல்லாம் என் வெற்றி என்றே நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ரேஸில் ஒரு அக்கறையும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும், கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று, "அந்த எட்டைக் கொஞ்சம் காட்டு" என்பாள். பாதி ரேஸில் நிறுத்திவிட்டு நான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். பார்ப்பாள், "ம்" என்பாள், தேத்தண்ணி வைக்கப் போய்விடுவாள். விளையாட்டைக் கெடுக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வரும். கழித்ததைக் கேட்க, சரி என்று ஒருவன் ஒப்புக்கொண்டு, முழுதாகத் திருப்பிக் கொடுத்தது அவள் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது?