அரிசி வாளிக்குள் வைத்த ரிவால்வர் படம்

பிள்ளைகளே, நாங்கள் கனடா வந்து மொன்ட்ரியால்-நோரில் இருந்தபோது நான் வேலை செய்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். வடக்கே காட்டில் கனிமம் தேடுகிற குழு ஒன்றில் மண் மாதிரி எடுக்கும் வேலை கிடைக்கும் போலிருந்தது. அங்கே கரடி வரும். தனியாக நடப்பவன் ரிவால்வர் வைத்திருக்க வேண்டும், அதற்கான அனுமதியை எடுத்துக்கொண்டு வா என்றார்கள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். நாற்பத்துநாலு காலிபர் பெரிய கரடிக்கும் போதும், ஆனால் சுடும்போது அதன் உதையை என் மணிக்கட்டு தாங்காது. முப்பத்தெட்டு கைக்கு இதம், கரடிக்குக் காணாது. மூன்று ஐம்பத்தேழு என்றால் இரண்டு வகைத் துப்பாக்கி ரவையும் போடலாம்: பழகுவதற்குச் சின்னது, காட்டுக்குப் பெரியது. மழைக்குத் துருப்பிடிக்காத இரும்பு. குழல் நாலு அங்குலத்தைவிடச் சற்று நீளம் வேண்டும், இல்லையென்றால் இங்கே சட்டம் விடாது. கடைப் புத்தகத்தில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன்.

உங்கள் கண்ணில் படக்கூடாது என்று அந்தத் தாளைக் கிழித்துப் பையில் சுற்றி அரிசி வாளியின் அடியில் வைத்தேன். ஊரில் எதையும் அங்கேதான் ஒளிப்போம். யோசிக்காமலே கை போய்விட்டது.

விண்ணப்பத்தில் மனைவி என்று உங்கள் அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அரிசி அள்ளப் போன அம்மாவின் கையில் பை தட்டுப்பட்டது.

"இதென்னப்பா?"

"வேலைக்கு. கரடி வந்தால் சுட."

"கரடிக்கு வாங்கிறதை ஏன் அரிசிக்குள்ள வைச்சனீங்கள்?"

"கடதாசிதானே, வெடிக்காது."

அம்மா சிரிக்கவில்லை. "அண்ணையும் ஒரு நாளைக்குத்தான் எண்டு சொல்லித்தான் வைச்சவர்."

ஊரில் சண்டைக் காலத்தில் உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், சிநேகிதன் ஒருவனின் துப்பாக்கியை அரிசிக்குள் வைத்திருந்தார். ஆமி வந்து அரிசியை நிலத்தில் கொட்டியது. மாமாவைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இது எனக்குக் கலியாணத்துக்கு முன்பே தெரியும்.

அடுத்த நாள் விண்ணப்பத்தை அம்மாவின் முன்னால் வைத்தேன். பேனையை எடுத்தா. பிறகு கீழே வைத்தா.

"அந்த அரிசியைக் கூட்டி அள்ளினது நான். கழுவிச் சமைச்சதும் நான்தான். வேற அரிசி இல்லை."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வேலை வேறு யாருக்கோ போனது. நான் உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன், இன்னும் கழுவுகிறேன். இனி வேறொன்று வரும் என்று நினைப்பதில்லை.

அம்மா இப்போதும் அரிசி அள்ளுமுன் முழங்கை வரை கையை விட்டு வாளியின் அடியைத் தடவுகிறா. ஒன்றுமில்லை என்று சொன்னால், "ஓம், தெரியும்" என்கிறா. பிறகும் தடவுகிறா.