திருநீறு போட்ட எண்ணெய்

டிசம்பர் காலைகளில், வடக்கே நாங்கள் குடியேறிய சாங்வியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். பாட்டிலை பால்கனி வெயிலில் வைத்துவிட்டு, விரித்த தலையோடு காத்திருப்பாள் என் மனைவி. அந்தப் பாட்டிலைக் காட்டித்தான் தன் வேலையை எனக்கு விளக்கினாள்.

"இந்தக் குளிருக்கே கல்லாயிடுது பாரு. விமானம் போற உயரத்துல இதைவிட எத்தனையோ மடங்கு. அங்கயும் தண்ணியா ஓடணும்."

தாவர எண்ணெயிலிருந்து, மண்ணெண்ணெய் மாதிரியான விமான எரிபொருள் செய்துபார்க்கும் சின்ன ஆலையில் அவள் பொறியாளர். எண்ணெயின் மூலக்கூறுகள் நேராக நீண்டவை. நேரானவை ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறைந்துவிடும். அவற்றை வளைத்துவிட ஒரு வினையூக்கி, கேட்டலிஸ்ட்; மிளகளவு வெள்ளை உருண்டைகள். வளைந்தவைதான் வானத்தில் பிழைக்கும். எனக்கு இது கவிதை, அவளுக்கு வேலை.

இந்த முறை எரிபொருள் சோதனையில் தேறாவிட்டால் ஆலையை மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். புங்க எண்ணெய் போதவில்லை. இங்குள்ள நம் தமிழ்க் கோயில் விளக்குகளில் வழிந்து வீணாவதைக் கேட்போமே என்றாள். கோயில் கமிட்டி மாமா தேஹு ரோடு ராணுவ டெப்போவில் ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். கேன் கேனாக நிரப்பித் தந்தார். முதல் கேனைச் சோதித்தார்கள், சுத்தம். மீதியை நம்பி ஊற்றினார்கள்.

வந்த எரிபொருள் ஆலையின் குளிர்த்தொட்டியில் கலங்கிப்போனது. அவள் நம்பவில்லை. ஒரு சிறு குப்பியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் செருகினாள். காலையில் எடுத்தோம். வெள்ளை.

கேட்டலிஸ்ட் செத்திருந்தது. அதன்மேல் சாம்பலின் உப்புகள். சாம்பல் எங்கிருந்து வந்தது?

அந்த ஞாயிறு கோயிலில் மாமா இன்னொரு கேனை எங்களுக்காக மூடிக்கொண்டிருந்தார். மூடுமுன் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே போட்டார்.

"இது என்ன மாமா?"

"துன்னூறுதாம்மா. மொதக் கேனுல மறந்துட்டேன், பொறவு மனசு கேக்கல. மத்த எல்லாத்துலயும் போட்டுட்டேன்லா. பிளேன்ல ஆளுவ போவாங்க, சும்மாவா அனுப்புறது? எப்பம்மா பறக்கும்? எங்க வீட்டுக்காரி துணி காயப்போடையில மேலயே பாத்துட்டு நிக்கா."

"பறக்கும் மாமா."

விரலில் மிச்சமிருந்ததை அவள் நெற்றியில் பூசினார். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள். கேனையும் வாங்கிக்கொண்டாள். நான் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: பழைய எண்ணெயின் புளிப்பில் சாம்பல் கரைந்து சோப்பாகிவிடும், வடிகட்டியில் நிற்காது.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு? நீங்க ஆசீர்வாதம் பண்ணீங்க, அதான் செத்துடுச்சுன்னா?"

"வேற கேட்டலிஸ்ட் போட முடியாதா?"

"நாஹி ரே, முடியாது. இதுதான் கடைசி. மூடிடுவாங்க."

சிக்னலில் சிவப்பு வெகுநேரம் இருந்தது. கேன் என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும், ஃப்ரீசரிலேயே விட்டிருந்த குப்பியைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில், வெயிலில் வைத்தாள். இரண்டும் ஓரத்திலிருந்து இளகின. லோஹ்காவ் விமான நிலையத்துப் பக்கம் ஒரு விமானம் தாழ்ந்து போனது, அவள் நிமிரவில்லை. குப்பி கண்ணாடியாகிவிட்டது.

"தெளிஞ்சிடுச்சு பாரு," என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"வெயில்ல எல்லாந்தான் தெளியும்," என்றாள். பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்து, தலையில் தேய்க்கத் தொடங்கினாள்.