சாய்ந்த வில்

எங்கள் மாரிகுப்பத்தில் விஜயதசமி அன்று அம்மன் முன்னால் வாழைமரத்தில் அம்பு விடுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் கதவில் சிக்கி இடது ஆள்காட்டி விரல் பாதி போன பிறகும் அவர்தான் விட்டார். ஆனால் அதற்குப் பிறகு வில்லைச் சாய்த்துத்தான் பிடிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பக்கத்து லைன் வீட்டு மேரி ஒருநாள், "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு வில்லைத் தொடப்பம் மாதிரி புடிக்கிறாரு?" என்று சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தபா நேரா புடிங்க, என் மானம் போவுது" என்றேன்.

"அம்பு நிக்காது புள்ள" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த விஜயதசமிக்கு நேராகவே பிடித்தார். நாணை இழுத்ததும் அம்பு நழுவிக் காலடியில் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. "இன்னா ஆச்சு?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்ணு தெரியலப்பா, வயசாயிடுச்சி" என்றார்.

பொறுப்பு அன்றே வேறு வீட்டுக்குப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அவருடைய வில்லை எடுத்து, என் இடது ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு அம்பை வைத்துப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் தாங்க விரலில்லாமல் விழுந்தது. சாய்த்தால் வில்லின் மேலேயே படுத்துக்கொண்டது. திரும்பத் திரும்பச் செய்தேன். விழும் ஒவ்வொரு முறையும் மேளம் நின்றுபோன அந்த அமைதி என் காதை அடைத்தது.

ஊரில் இன்னமும் அவரைக் கண் தெரியாமல் அம்பை நழுவவிட்டவர் என்றுதான் பேசுகிறார்கள். அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.