கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறிய பாட்டுகள்

சின்ன வயதிலிருந்தே குரல் பெரிது என்பதால் வீட்டில் அவளுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர். கணக்கில் பட்டம் வாங்கி, அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆன பிறகும் அது போகவில்லை. விசேஷங்களுக்கு வேனில் சாமான் ஏற்றிப் போய்ப் பாட்டுப் போடும் டி.ஜே. ஆனதும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. வேன் சித்தப்பாவுடையது. ஓட்டுவதும் பெட்டி தூக்குவதும் அவர்தான். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா கேட்பாள். அம்மாவைவிட அதிகமாக அவளே கேட்டுக்கொள்வாள்.

அதனாலோ என்னவோ, எதையும் படித்துப் பார்க்காமல் செய்யமாட்டாள். லேப்டாப்பில் பாட்டுப் போடப் புது மென்பொருள் தேடியபோது விமர்சனங்களாக வாசித்துத் தள்ளினாள். ஒன்று பார்க்க அழகு. ஆனால் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. இன்னொன்று இணையம் இல்லாவிட்டால் முரண்டு பிடித்தது. கடைசியில், முகவெட்டு சுமார்தான் என்றாலும் நடுவில் நிற்காமல் ஓடிய ஒன்றைப் பிடித்தாள். அடுத்தது டிரைவ். பாட்டெல்லாம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழலும். பக்கத்தில் ஸ்பீக்கர் அதிர்ந்தால் பாட்டுக்கு விக்கல் எடுக்கும். எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிரைவில் சுழல எதுவும் இல்லை, வேகமும் அதிகம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சாமானை வாங்கி வந்த கையோடு, மென்பொருளில் தெரிந்த மொத்தப் பாட்டுப் பட்டியலையும் பிடித்திழுத்து அதற்குள் போட்டாள். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது.

"பல்லு தேய்க்கிற நேரம்கூட ஆகலையே" என்றார் சித்தப்பா.

"அதான் சித்தப்பா எஸ்.எஸ்.டி." அவளே தயாரித்தது போல ஒரு பெருமை.

சந்தேகம் வேண்டாமென்று நாலைந்து பாட்டு போட்டும் பார்த்தாள். ஜோராக ஓடின. அதன் பிறகுதான் பழைய டிஸ்க்கைப் பிடுங்கி, அலமாரியில் துணிகளுக்கு நடுவே படுக்க வைத்தாள்.

மறுநாள் மதியம் ஒரு தம்பதிக்கு இருபத்தைந்தாவது திருமண நாள். கூடம் தரைக்குக் கீழே இருந்தது. அதன் மேலாளர், அன்றைக்கு அவள் வேலை செய்வதைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் இனி அங்கே நடக்கும் எல்லா விசேஷத்துக்கும் அவளையே கூப்பிடுவதாகவும் சொல்லியிருந்தார். இது அமைந்தால் அம்மாவின் நச்சரிப்பு நிற்கும். அதைவிட, அவளே தன்னை நச்சரிப்பது நிற்கும்.

விருந்தினர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். லேப்டாப்பைத் திறந்தாள். பாட்டுப் பெயர்கள் வரிசையாக நின்றன. முதல் பாட்டை அழுத்தினாள். பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி. அடுத்ததை அழுத்தினாள். சிவப்பு. மளமளவென்று கீழே போனாள். எல்லாம் சிவப்பு.

டிரைவைத் திறந்து பார்த்தாள். குட்டியாக ஒரே ஒரு கோப்பு. ஏறியிருந்தது பட்டியல் மட்டும்தான்; பாட்டு ஒன்றுகூட இல்லை. நேற்று ஓடியவை அத்தனையும் பக்கத்தில் செருகியிருந்த பழைய டிஸ்க்கிலிருந்து ஓடியவை.

கணக்குப் படித்தவள். இத்தனை பாட்டு அந்த நேரத்தில் ஏறுமா என்று ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

வீட்டுக்குப் போய் எடுத்து வரவா என்று சித்தப்பா சாவியைக் கையில் எடுத்தார். ஊரின் மறுகோடி அது. அவர் திரும்புவதற்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிக் கிளம்பியிருப்பார்கள். இணையத்தில் எடுக்கலாமென்றால், தரைக்குக் கீழே சிக்னல் மருந்துக்கும் இல்லை. மேலாளர் கதவோரம் கை கட்டி நின்றார்.

அவள் மேடையை விட்டு இறங்கி, விழா நாயகியிடம் போனாள்.

"உங்க போன்ல பாட்டு ஏத்தி வெச்சிருக்கீங்களாம்மா?"

"எல்லாம் பழசு கண்ணு. எதுக்கு?"

"அதுதான் வேணும். குடுங்க."

பாட்டைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர் பெட்டியில் இரண்டு ஒயர் செருகும் இடம் இருந்தது. ஒன்றில் அந்த அம்மாவின் போன், மற்றதில் அவர் தம்பியுடையது. ஒன்று ஓடும்போதே அடுத்த பாட்டுக்காக மேசை மேசையாகப் போய்க் கேட்டு வந்தாள். ஒரு பெரியவரின் போனைச் செருகியபோது, பாட்டு நடுவில் நின்று, மாத்திரை போடச் சொல்லி, அலாரமாகப் பதிந்து வைத்திருந்த அவர் மனைவியின் குரல் கூடம் முழுக்க அதட்டியது. மூலையிலிருந்து அதே குரல் நேரிலும் வந்தது: "போட்டீங்களா இல்லையா?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தங்கள் பாட்டு வந்ததும் எழுந்து ஆடாதவர்கள் குறைவு. அவள் மட்டும் அடுத்த போனைத் தேடி நடந்துகொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். விருந்தினர் போனிலேயே பாட்டு, இப்படி யாருமே செய்ததில்லை, எங்கே பிடித்தீர்கள் இந்த யோசனையை என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும், வேலை அவளுடையது.

"யோசனை இல்ல சார். என் டிரைவ்ல பாட்டே இல்ல. லிஸ்ட் மட்டும்தான் ஏறியிருக்கு. இங்க வந்துதான் தெரிஞ்சுது."

ஒயர் சுற்றிக்கொண்டிருந்த சித்தப்பா அப்படியே நின்றார். மேலாளர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. காலி மேடையையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வாங்க. பழசை வீட்டுலயே வெச்சிட்டு, புதுசை மட்டும் கொண்டு வாங்க. என் கண் முன்னாடி பாட்டு ஓடணும். அப்புறம் பேசலாம்."

வருகிறேன் என்று சொன்னாள், அல்லது சொன்னதாக நினைத்தாள். இருவரும் படியேறி வெயிலுக்கு வந்தார்கள். வேலை வந்ததா போனதா என்று சித்தப்பா கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.