செல்வமணியின் இரண்டு நிமிடம்

செல்வமணி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். ஜெர்சி சிட்டியில் தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவுக்காக வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்தின் சமையலறை அது. நறுக்கியதை உப்புத் தண்ணீரில் போடுவதும் அடுத்த காயை எடுப்பதுமாக அவன் கை ஓடியது. வார நாட்களில் வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. சங்க விழா என்றால் சாம்பார் அவன் பொறுப்பு. நான் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அவன் யாழ்ப்பாணத்துக்காரன். ஜெர்ரி என்ற தூத்துக்குடிக்காரனோடு வாழ்ந்தான். ரூம்மேட் என்று சங்கத்தார் நினைத்தார்கள். அப்படி நினைப்பது அவர்களுக்கு வசதி. ஜெர்ரிக்குக் கால் முறிந்தபோது வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நான். ஒரு வீட்டில் எத்தனை கட்டில் என்பது நர்சுக்குத் தெரியாமல் போகாது.

2001 ஜூன் மாதம் நியூயார்க்கில் எய்ட்ஸ் பற்றி ஐ.நா. சிறப்புக் கூட்டம் நடந்தது. அதையொட்டி நடந்த சிறு அமர்வு ஒன்றில் பேச அவனுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. அதற்கே அவனும் அவனைப் போன்றவர்களும் சேர்ந்த குழு இரண்டு வருடம் அலைந்தது. உள்ளே நுழைய அவர்களுக்குச் சொந்தமாக அனுமதி இல்லை; ஒரு பெண்கள் அமைப்புதான் தன் இருக்கையை இரவல் கொடுத்தது. ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்று ஊரில் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்துக்குப் பயந்து, நோய் வந்தாலும் ஆஸ்பத்திரி ஏறாத ஆண்களைப் பற்றி அவன் பேச வேண்டும். அத்தனை அலைந்தவன், கடைசியில் தன் கதையை ‘நண்பர் ஒருவர்’ கதையாக எழுதி வைத்திருந்தான். டொரன்டோவில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். எனக்கு எரிச்சலாக வந்தது.

சங்கச் செயலாளர் ஜம்புநாதன் கையில் ஒரு பொன்னாடையோடு சமையலறைக்குள் வந்தார். ‘திங்கட்கிழமை ஐ.நா.வில் பேசுகிறேன்’ என்று செல்வமணி சொன்னது போதும், இலங்கைப் போரைப் பற்றித்தான் பேசப்போகிறான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். சாப்பாடு முடிந்ததும் மேடையில் போர்த்தப்போகிறாராம். தமிழ்ப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டாராம். ஒருவர் கேட்கவில்லை, ஒருவன் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் நோயாளி பிழைக்க மாட்டான்.

நான் அவனை முறைத்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னான்.

“அண்ணை, நான் சண்டையைப் பற்றிக் கதைக்கப் போறேல்ல. என்னைப் போல, ஆம்பிளையோட குடும்பம் நடத்துற ஆக்களைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.”

ஜம்புநாதன் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, “சரிப்பா, அதுல ஒரு நிமிஷமாவது நம்ம தமிழர் பிராப்ளத்துக்கு ஒதுக்கக் கூடாதா?” என்றார்.

“ரெண்டு நிமிசமும் தமிழருக்குந்தான் அண்ணை. நான் என்ன நோர்வேக்காரனே?”

ஜம்புநாதன் பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். குடும்பங்கள் வரும் இடம், மேடையில் அவன் பெயரைச் சொன்னால் ஆளுக்கு ஆள் கேள்வி கேட்பார்கள் என்று ஏதேதோ சொன்னார். வாசல்வரை போய்த் திரும்பி, “ஸ்டேஜ் வேணாம். சாம்பாரை மட்டும் எப்பவும் போல நீயே பாத்துக்கோ. உன் கை யாருக்கும் வராது” என்றார்.

செல்வமணி கையில் இருந்த காயை முழுதாக நறுக்கி முடித்தான். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தான். “பேர் வேண்டாமெண்டால் கையும் வேண்டாம், அண்ணை” என்று சொல்லிவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்து அவர் தோளிலேயே போட்டுவிட்டுப் போனான்.

நான் போகவில்லை. பசியோடு வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சாம்பாரை நானே வைத்தேன். தண்ணீராக இருந்தது. இரண்டு பேர் வந்து செல்வமணி எங்கே என்று கேட்டார்கள். செயலாளரைக் கேளுங்கள் என்றேன்.

மறுநாள், திங்கட்கிழமை காலை, அவன் முதலில் டொரன்டோவுக்குப் போன் செய்து தன்னையும் ஜெர்ரியையும் பற்றிச் சொன்னான். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாளாம். பிறகு ஜர்னல் ஸ்கொயரில் ஜெர்ரியோடு ரயிலேறி நியூயார்க் போனான். பாதி அரங்கு காலி. கடைசி வரிக்கு முன்பே நேரம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் ‘நண்பர் ஒருவர்’ என்ற வார்த்தை அவன் பேச்சில் வரவே இல்லை. தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினானாம்.