சகலைக்கும் எனக்கும் ஒரே கிரிஸ்டல்

பயந்தாங்கொள்ளிகளுக்கென்று தனியாக ஒரு ரேடியோ கன்ட்ரோல் செட் விற்றிருந்தால் அதைத்தான் கேட்டு வாங்கியிருப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக டிரான்ஸ்மிட்டர்கள் ஏரியலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கூட வந்தவர் என் சகலை. அக்காளை நான் கட்டியிருந்தேன், தங்கையை அவர். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் வேலை, அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை. பொம்மை விமானப் பைத்தியம் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது.

"மொதல்ல ரெண்டு சேனல் போதும்லா?" என்றேன். ஒரு சேனலுக்கு ஒரு வேலை. வாலைத் திருப்ப ஒன்று, மூக்கை ஏற்றி இறக்க ஒன்று. ஆட்டுவதற்குக் குறைவாக இருந்தால் நடுங்குவதற்கும் குறைவாக இருக்கும் என்பது என் விஞ்ஞானம்.

"நாலு சேனலா எடுத்துக்கோங்க சார். மேல போன பிறகு என்ஜின் வேகத்தைக் குறைக்கணும்ல?" என்றார் கடைக்காரர்.

குறைக்கலாம் என்று தெரிந்ததும் அந்த நிமிஷமே நாலு சேனல் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார்: "கிரிஸ்டல் ரெண்டு பேருக்கும் வேற வேற போட்டுத் தரவா?" கிரிஸ்டல் என்பது நகத்தளவு தகர டப்பி. டிரான்ஸ்மிட்டரில் ஒன்று, விமானத்துக்குள் ரிசீவரில் ஒன்று. மேலே ஒரு நம்பர் போட்டிருக்கும்.

வேற வேறயா? எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சுருங்கியது. சகலையின் தலைதீபாவளிக்கு எடுத்த வேட்டியில் ஜரிகை என்னுடையதைவிட ஒரு விரற்கடை அகலம் என்று என் வீட்டுக்காரி பொங்கல் வரை தங்கச்சியோடு பேசவில்லை. அதிலிருந்து மாமனார் வீட்டில் மாப்பிள்ளைகளுக்கு எதை எடுத்தாலும் ஒரே அச்சு. போதாக்குறைக்கு என் ஸ்டோர்ஸ் புத்தி வேறு. மிஷின் ரெண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றின் பார்ட்டை மற்றதில் மாட்டிக்கொள்ளலாமே!

"ஒரே நம்பரா குடுங்க. வித்தியாசமே இருக்கக் கூடாது" என்றேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அதான் சொல்லிட்டாவள்ல, கட்டுங்க" என்றார் சகலை.

என் விமானம் முதலில் தயாரானது. சகலை இன்னும் பால்சா என்ற லேசான கட்டைகளை இணைக்கப் பசை தடவிக்கொண்டிருந்த வாரங்களில், வறண்ட கண்மாயில் நான் தனியாகப் பழகினேன். அது ஒவ்வொரு முறை தரையை விடும்போதும் நான் ரெண்டடி பின்னால் போய்விடுவேன். ஆனாலும் வட்டம் போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

சகலையின் விமானமும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வேடிக்கை பார்க்க வந்தார். பட்டாளத்தில் இருந்து ரிட்டயரானவர். முழங்கால் மடங்காது என்பதால் கண்மாய்க்குள் இரும்பு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

என்னுடையது ஏறி, அழகாக ஒரு வட்டம் வந்தது. திடீரென்று தலையைக் குப்புறச் சாய்த்தது. நான் டிரான்ஸ்மிட்டர் குச்சியை இழுக்கிறேன், அது கேட்கவில்லை. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகிறது. பிறகு நேராக, சத்தியமாக நேராக, மாமனாரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கிளம்பியது.

"மாமா, எந்திரிங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். ஓடியது நான்தான். அதுவும் எதிர்த்திசையில்.

"எங்கிட்டு ஓட? காலு மடங்கினால்ல ஓட முடியும்!" என்றார் அவர், நாற்காலியை விட்டு அசையாமல்.

விமானம் அவர் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சீறிக்கொண்டு போய், மறுபடி ஏறி, மறுபடி திரும்பியது. என் மண்டைக்குள் ஒரே படம்தான்: மாமனாருக்குக் கட்டு, மாமியார் வீட்டு வாசலில் நான், உள்ளே யாரும் 'வாங்க' என்று சொல்லாத மௌனம்.

அப்போதுதான் சகலை பக்கம் பார்த்தேன். தன் விமானத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, வால் சரியாக ஆடுகிறதா என்று குச்சியை நாலு பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆட்ட, என் விமானம் வானத்தில் ஆடியது. கிரிஸ்டலில் ஒரே நம்பர் என்றால் ரெண்டுக்கும் ஒரே அலைவரிசை!

"சகலை! நீரு ஆட்டுறதுக்கு என்னுது ஆடுதுய்யா! அணையும்!"

"எதை?"

"எதையாவது!"

அவர் அணைத்தார். அந்தப் பதற்றத்தில், எதற்கென்று இன்றுவரை தெரியாது, நானும் என்னுடையதை அணைத்துவிட்டேன்.

விமானத்துக்கு எசமான் இல்லை. சுவிட்சை மறுபடி போடப் பயம். போட்டால் எந்தப் பக்கம் திரும்புமோ! ரெண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தோம். அதுவோ தன் பாட்டுக்கு, யாருக்கும் கட்டுப்படாமல், பெரிய பெரிய வட்டமாகச் சுற்றியது. எண்ணெய் தீர்ந்ததும் சத்தம் நின்றது. மெள்ள இறங்கி, ஒரு சீமைக்கருவேலம் புதரில் போய்ச் சாய்ந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அணைச்ச பொறவுதான் மாப்ள ஒழுங்கா பறந்துச்சு" என்றார் மாமனார்.

பிறகு கையை நீட்டி ரெண்டு டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டல்களையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் என் கையிலருந்து வெளிய வரும். இப்ப சின்ன மாப்ள பறக்க விடட்டும்" என்று ஒன்றைச் சகலையிடம் கொடுத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, சகலைக்கு முந்திக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை. மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றுகொண்டேன்.